பழைய டீசல் கொரல்லாவுக்கு எந்த ஒயில்? ஒரு கடை 20டபிள்யூ-50 என்கிறது, சேர்விஸ் ஸ்டேசன் வேறு சொல்கிறது

பரந்தன்சந்தி | கிளிநொச்சி

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் கொழும்பில் ஒரு டொயோட்டா கொரல்லா 110 எடுத்தேன். 2சி டீசல் எஞ்சின், டர்போ இல்லை. மீற்றர் 2,80,000 காட்டுகிறது. உண்மையில் எவ்வளவு என்பது மீற்றரைத் திருப்பியவருக்குத்தான் தெரியும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் மறுபடி திறந்தார்கள். திறந்த பிறகும் விலையைக் கேட்டால் கேட்டவனுக்கே வெட்கமாக இருக்கிறது. ஆகவே இந்தக் காரை இன்னும் பத்து வருடமாவது இழுக்க வேண்டும் என்பது என் கணக்கு.

வேலைக்காக நாள்தோறும் பரந்தனில் இருந்து ஏ35 பிடித்து விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்புப் பக்கம் போய் வருகிறேன். பாதி தார் றோட்டு, பாதி உள்ளே கிரவல் றோட்டு. பிரச்சினை இதுதான்: ஆயிரம் கிலோமீற்றருக்கு அரை லீற்றருக்கு மேல் ஒயில் குறைகிறது. புது ஒயில் ஊற்றி மூன்றாம் நாளே கறுத்துப் போகிறது. முன்பு வைத்திருந்தவர் 5டபிள்யூ-30 ஊற்றியதாகச் சொன்னார், நானும் அதையே தொடர்ந்தேன். டவுனில் ஒரு கடையில் "பழைய எஞ்சினுக்குத் தடிப்பான ஒயில்தான் சரி, 20டபிள்யூ-50 போடுங்கோ" என்றார்கள். சேர்விஸ் ஸ்டேசனில் ஃபுல் சிந்தெற்றிக் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள், விலை இரண்டு மடங்குக்கு மேல். யாரை நம்புவது? சீக்கிரம் கறுப்பது போலி ஒயில் என்பதாலா?

கறுப்புஒயில் | மாங்குளம்

தம்பி, எந்த ஒயில் என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் இவற்றுக்குப் பதில் சொல்லும். காலையில் ஸ்டார்ட் பண்ணியவுடன் என்ன நிறப் புகை? நீலமா, வெள்ளையா, கறுப்பா? இறுக்கி மிதிக்கும்போது என்ன நிறம்? இரவு கார் நின்ற இடத்தில் விடிய ஒயில் பொட்டு இருக்கிறதா? எயார் பில்டர் பெட்டியைக் கடைசியாக யார் திறந்தது, எப்போது? ஒயில் அளக்கும்போது கார் சமதரையில் நின்றதா?

கறுப்பதற்குப் பயப்பட வேண்டாம். டீசல் எஞ்சினில் ஒயில் கறுக்காவிட்டால்தான் நான் யோசிப்பேன். டீசல் எரிந்து வரும் கரியைத் தனக்குள் பிடித்துவைத்து, பெயரிங்கிலும் பிஸ்டன் றிங்கிலும் படிய விடாமல் சுற்றிக்கொண்டிருப்பதுதான் அந்த ஒயிலின் வேலை. அதோடு எவ்வளவு வடித்தாலும் கொஞ்சம் பழைய ஒயில் உள்ளே மிஞ்சும். உம்முடைய எஞ்சினின் வயதுக்கு, புது ஒயிலோடு மாங்குளத்தில் இருந்து முறிகண்டிக்குப் போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கித் திரும்புவதற்குள் கறுத்துவிடும். நிறத்தை வைத்து ஒயிலை மதிக்காதேயும்.

ஸ்காபரோப்பொடியன் | கனடா

இங்கே என்னிடம் ஒரு ஜெர்மன் டீசல் கார் இருக்கிறது. 5டபிள்யூ-30 ஃபுல் சிந்தெற்றிக், 15,000 கிலோமீற்றருக்கு ஒருதரம்தான் மாற்றுகிறேன். மறை 20 பாகையிலும் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். ஊரில் இன்னும் 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று கதைப்பதைப் பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது. சகோ, யோசிக்காமல் சிந்தெற்றிக்கே போடுங்கள். காசைப் பார்த்தால் எஞ்சின் போகும்.

மடுவீதி | வவுனியா

ஸ்காபரோத் தம்பி சொல்வது அவருடைய குளிருக்கும் அவருடைய டீசலுக்கும் சரி. இரண்டும் நம்மிடம் இல்லை. நான் உதிரிப்பாகக் கடையில் நிற்பவன், ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். ஒருதரம் விரிவாக எழுதிவிடுகிறேன், பிறகு இந்த இழையைக் காட்டிவிடலாம்.

டபிள்யூ என்பது மாரிக்குளிர். அதற்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாகச் சுற்றும் என்பதைச் சொல்கிறது. எஞ்சின் திரும்பும் சோதனையை 15டபிள்யூ ஒயிலுக்கு மறை 20 பாகையிலும் 5டபிள்யூவுக்கு மறை 30 பாகையிலும் செய்கிறார்கள். வவுனியாவில் மார்கழி விடியற்காலையில் போர்வையை இழுத்துப் போர்த்துகிறோமே, அது 20 பாகை சொச்சம். 15டபிள்யூ ஒயிலுக்கு அதெல்லாம் குளிரே இல்லை. 5டபிள்யூ ஒயில் காலையில் மேலே கொஞ்சம் வேகமாக ஏறும், அவ்வளவுதான் லாபம்.

பின்னால் வரும் எண்தான் நமக்கு முக்கியம். அது 100 பாகையில் ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கிறது என்பது. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்ரிஸ்ரோக் (தடிப்பை அளக்கும் அலகு), 40 என்றால் 12.5 முதல் 16.3, 50 என்றால் 16.3 முதல் 21.9. இன்னொரு சோதனையும் உண்டு. 150 பாகையில் ஒயிலை நெருக்கமான இடைவெளியில் வேகமாக அரைத்துப் பார்க்கிறார்கள். பெயரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே படலம் நிற்குமா என்பது அதில் தெரியும். அந்தச் சோதனையில் 15டபிள்யூ-40 ஒயிலுக்குக் குறைந்தது 3.7 வேண்டும் (இது வேறு அலகு, மில்லிபாஸ்கல்-செக்கன்), 30க்கு 2.9 போதும். மூன்று லட்சத்தைத் தொடும் எஞ்சினில் இடைவெளிகள் எல்லாம் கூடியிருக்கும். அங்கே 30 நழுவி றிங்கைத் தாண்டி மேலே ஏறி எரிந்துபோகும். உங்கள் அரை லீற்றரில் ஒரு பங்கு இதுதான் என்பது என் ஊகம்.

சரி, இனி எழுத்துகள். ஏபிஐ (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம்) முத்திரையில் எஸ் என்று தொடங்குவது பெற்றோல் எஞ்சினுக்கு, சி என்று தொடங்குவது டீசலுக்கு. உங்கள் 2சி எஞ்சின் பிறந்த காலத்தில் சிடி தரமே போதும் என்றார்கள், அது 1955இல் வந்த தரம். 1994இல் சிஎஃப் வந்தது, 1998இல் சிஎச்-4, 2002இல் சிஐ-4, 2006இல் சிஜே-4, 2016இல் சிகே-4. பின்னால் வந்ததெல்லாம் கூடுதல் நல்லது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கந்தகம் என்று ஒன்று இருக்கிறதே, அங்கேதான் கணக்கு மாறுகிறது.

செட்டில் (எரிபொருள் நிலையத்தில்) அடிக்கும் ஒட்டோ டீசலில், சுப்பர் டீசலைவிடக் கந்தகம் பல மடங்கு. கந்தகம் எரிந்து, எரிவதில் வரும் நீராவியோடு சேர்ந்தால் அமிலம். அது எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் சம்புக்கு இறங்கிப் பெயரிங்கை அரிக்கும். அதை அடக்க ஒயிலில் காரச் சத்துச் சேர்க்கிறார்கள். கந்தகம் கூடிய டீசல் என்றால் காரச் சத்தும் கூட வேண்டும், அல்லது ஒயிலை நேரத்தோடு மாற்ற வேண்டும். சிஐ-4 என்பது 0.5 வீதம் வரை கந்தகம் உள்ள டீசலை மனதில் வைத்துச் செய்த தரம். சிஜே-4 அதில் பத்தில் ஒன்றுக்கு, அதாவது 0.05 வீதத்துக்கு. ஜப்பான்காரர்களின் ஜாசோ முத்திரையிலும் இதே பிரிவுதான். டிஎச்-1 என்றால் காரச் சத்து எண் குறைந்தது 10, டிஎச்-2 என்றால் 5.5 இருந்தாலே தேறிவிடும்.

ஆக உங்கள் காருக்கு 15டபிள்யூ-40, சிஐ-4 அல்லது சிஎச்-4, இல்லையென்றால் ஜாசோ டிஎச்-1. சாதாரண மினரல் ஒயில் தாராளமாகப் போதும். டெலோ, ரிமுலா, டெல்வக் என்று எந்தப் பெயரும் இருக்கட்டும். ஒரே பெயரில் நாலைந்து தரம் வரும், பின்பக்கச் சிறிய எழுத்தைப் படியுங்கள். எஸ்என்/சிஎஃப் என்று எஸ் முன்னால் நின்றால் அது பெற்றோல் காரை நினைத்துச் செய்த ஒயில், டீசலுக்கும் சமாளிக்கும் என்று பொருள். எஃப்ஏ-4 என்று கண்டால் காசை எடுக்கவே வேண்டாம், அது மெல்லிய புது எஞ்சின்களுக்கானது.

லாண்ட்மாஸ்டர் | ஒட்டுசுட்டான்

இவ்வளவு எண்ணும் எழுத்தும் படித்துத்தான் ஒயில் ஊற்ற வேண்டும் என்றால் நான் என்றைக்கோ கமத்தை விட்டிருக்க வேண்டும். என் வளவில் ஒரு பீப்பா 40 ஒயில் நிற்கிறது. இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டர் ட்ரக்டருக்கும் அதுதான், நாலு சில்லு ட்ரக்டருக்கும் அதுதான், பழைய ஹயஸ் வானுக்கும் அதுதான், கேற்றுப் பிணைச்சலுக்கும் அதுதான். காலபோகம், சிறுபோகம் என்று 11 வருடம் போய்விட்டது. ஒன்றும் நடக்கவில்லை.

கறுப்புஒயில் | மாங்குளம்

அண்ணை, ஹயஸுக்கு முந்தின வருடம் றிங் மாற்றியது நான்தானே.

லாண்ட்மாஸ்டர் | ஒட்டுசுட்டான்

அது றிங்கின் குற்றம்.

கறுப்புஒயில் | மாங்குளம்

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் வாசிக்கிற பொடியள் பிழையாக விளங்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். லாண்ட்மாஸ்டர் ஒற்றைச் சிலிண்டர், மெதுவாக அடிக்கும், வயலில் ஒரே வேகத்தில் நாள் முழுக்க நிற்கும். அதற்கு வெறும் 40 பொருந்தும். கார் எஞ்சின் நாலாயிரம் சுற்றுக்குப் போகும், ஒரு நாளில் பத்துத் தரம் ஆறிச் சூடாகும். வெறும் 40 ஆறிக் கிடக்கும்போது பாணி மாதிரி இறுகி நிற்கும். மேலே வால்வை அசைக்கும் ரொக்கருக்கு ஒயில் ஏறும்வரை இரும்பு இரும்போடு உரசும்.

20டபிள்யூ-50 அவ்வளவு மோசமில்லை. அந்தக் காலத்துப் பழைய டீசல்களின் கையேடுகளிலேயே சூடான ஊர்களுக்கு அதை அனுமதித்திருக்கிறார்கள். ஒயில் குடிப்பது கொஞ்சம் குறைந்த மாதிரியும் இருக்கும். ஆனால் எனக்கு அது வலிக்குப் பனடோல் போடுவது போலத்தான். முதலில் நோயைப் பார்ப்போம். பரந்தன்சந்தித் தம்பி, என் கேள்விகளுக்கு இன்னும் பதில் வரவில்லை.

ட்ரக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: கிலோமீற்றர் பார்க்காதீர்கள், மணி பாருங்கள். சேற்றுழவில் நாள் முழுக்க அடித்தாலும் தூரம் என்று பார்த்தால் ஒன்றும் இருக்காது. பெரும்பாலான கையேடுகளில் 250 மணி என்று இருக்கும்.

பரந்தன்சந்தி | கிளிநொச்சி

மன்னிக்க வேண்டும் அண்ணை, இரண்டு நாள் வேலை. காலையில் நீலப் புகை வருகிறது, ஒரு நிமிடத்தில் நின்றுவிடும். டிப்பரை முந்த மிதித்தால் கறுப்பு. நிலத்தில் பொட்டு இல்லை. போன முறை புகைப் பரிசோதனையில் மயிரிழையில் தப்பினேன். எயார் பில்டரை நான் திறந்ததே இல்லை, சேர்விஸில் "காற்று அடித்துவிட்டோம்" என்றார்கள்.

கறுப்புஒயில் | மாங்குளம்

நினைத்தேன். காலை நீலப் புகை பெரும்பாலும் வால்வ் சீல். இரவு முழுக்க மேலிருந்து துளித்துளியாகக் கசிந்து இறங்கி, காலையில் எரிந்து போகும். அது அவசரமில்லை. மிதிக்கும்போது வரும் கறுப்புத்தான் எனக்கு யோசனை. டீசல் இருக்கிறது, காற்றுப் போதவில்லை.

நாளைக்கு இதைச் செய்யும். எயார் பில்டர் பெட்டியைத் திறந்து, பில்டருக்கு இந்தப் பக்கம், எஞ்சினுக்குப் போகும் ரப்பர்க் குழாய்க்குள் வெள்ளைத் துணியைச் சுற்றி விரலை விட்டுத் துடையும். துணி வெள்ளையாக வந்தால் நல்லது. சிவந்து வந்தால் கிரவல் புழுதி பில்டரைச் சுற்றிக்கொண்டு எஞ்சினுக்குள் போகிறது என்று பொருள்.

வன்னியில் நான் கழற்றிய எஞ்சின்களில் ஒயிலின் தரத்தால் செத்தவை மிகக் குறைவு. புழுதியால் செத்தவைதான் கூட. ஆடி ஆவணியில் உள் றோட்டுகளில் முன்னால் ஒரு டிப்பர் போனால் பின்னால் வருபவனுக்கு வானம் தெரியாது. அந்தப் புழுதியில் இருப்பது நுண்மணல். சிலிண்டர் சுவரில் ஒயிலோடு சேர்ந்தால் வால்வ் அரைக்கும் பசை போலத்தான். அதற்கு மேல் எந்த நாட்டு சிந்தெற்றிக்கை ஊற்றியும் பயனில்லை. காற்று அடிப்பதிலும் பிழை விடுகிறார்கள். வெளிப்பக்கத்தில் இருந்து கொம்பிறசரை முழு அழுத்தத்தில் பிடித்தால் புழுதி கடுதாசிக்குள் இன்னும் ஆழமாகப் போய் இருக்கும், சில வேளை கடுதாசியே கிழியும். உள்ளிருந்து வெளியே, மெதுவாக. இரண்டு தரம் அடித்தால் மூன்றாம் தரம் புதிது. அதன் விலை ஒரு லீற்றர் நல்ல ஒயிலின் விலைக்குக் கிட்டத்தான் வரும்.

மல்லாவிடீச்சர் | மல்லாவி

ஒதுங்கி நின்று வாசித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் ஒயில் குறைகிறது என்கிறீர்கள், எனக்குக் கூடுகிறது. ஜப்பானில் இருந்து பாவித்து வந்த டீசல் ஜீப். வீட்டில் இருந்து பாடசாலைக்கு 4 கிலோமீற்றர், போய் வருவதைத் தவிர வேறு ஓட்டம் இல்லை. ஒயில் மாற்றி மூன்று மாதம். நேற்று ஒயில் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால் மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரல் அளவு கூட நிற்கிறது. நல்ல எஞ்சின் போல, ஒயிலே குடிக்கவில்லை என்று சந்தோசப்பட்டேன். இந்த இழையை வாசித்த பிறகு பயமாக இருக்கிறது. கராஜில் 15டபிள்யூ-40 சிஐ-4 தான் ஊற்றினார்கள். இடைக்கிடை ஒரு மஞ்சள் விளக்கும் எரிகிறது.

கறுப்புஒயில் | மாங்குளம்

டீச்சர், கம்பியை மணந்து பாருங்கள். டீசல் மணந்தால் அந்த ஒயிலை மாற்றும்வரை ஜீப்பை எடுக்க வேண்டாம். பாடசாலைக்கு யாருடனாவது போங்கள்.

இந்த நோயை நான் முதன்முதலில் கண்டது போரின்போது எரிபொருளுக்குத் தடை இருந்த காலத்தில். பெற்றோலைக் கண்ணால் காண முடியாது. மோட்டார் சைக்கிள், கார் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஸ்டார்ட் எடுக்க மட்டும் சூப்பிப் போத்தலால் நாலு துளி பெற்றோல். அப்போது நான் கராஜில் ஸ்பனர் எடுத்துக் கொடுக்கிற பொடியன். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு சம்புக்கு இறங்கும். கம்பியில் அளவு கூடும், ஒயில் தண்ணீர் மாதிரி ஓடும், மணந்து பார்த்தால் குப்பி விளக்கு மணம். புது ஒயிலுக்கு எங்கே போவது? எங்கள் முதலாளி பழையதைத் துணியில் வடித்து, நாள்கணக்கில் தெளியவைத்து, மேலால் எடுத்து ஊற்றுவார். கரி அடியில் படியும், ஆனால் கலந்த மண்ணெண்ணெய் பிரியாதே. கொஞ்ச நாளில் பெயரிங் தட்டத் தொடங்கும். அந்தச் சத்தம் இப்போதும் காதில் நிற்கிறது.

உங்கள் ஜீப்பிலும் அதே கதைதான், மண்ணெண்ணெய்க்குப் பதில் டீசல். புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஒரு வடி இருக்கும். அது நிரம்பியதும், எரித்துச் சுத்தம் பண்ணுவதற்காக எஞ்சின் கூடுதலாக டீசல் அடித்து அந்த வடியை 600 பாகை அளவுக்குச் சூடாக்கும். அதற்கு இருபது நிமிடமாவது நிற்காமல் ஓட வேண்டும். உங்கள் பாடசாலை 4 கிலோமீற்றரில் வந்துவிடுகிறது. தொடங்கியது பாதியில் நிற்கும், மறுநாள் மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். எரியாத டீசல் ஒவ்வொரு முறையும் சம்புக்கு இறங்கும்.

ஏன் எடுக்க வேண்டாம் என்கிறேன் என்றால், அளவு மிகவும் கூடினால் ஒயில் மூச்சுக்குழாய் வழியாகக் காற்றோடு எஞ்சினுக்குள் இழுபடும். டீசல் எஞ்சின் தன் ஒயிலையே குடித்து ஓடத் தொடங்கும். திறப்பைக் கழற்றினாலும் நிற்காது. சுற்று ஏறிக்கொண்டே போகும், றோட்டு முழுக்க வெள்ளைப் புகை. நான் ஒருதரம் கண்டிருக்கிறேன், ஒரு லொறியில். கடைசியில் சாக்கைச் சுருட்டிக் காற்றுக் குழாயில் அடைத்துத்தான் நிறுத்தினார்கள். வெறுங்கையை மட்டும் அதற்குக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது.

மடுவீதி | வவுனியா

அண்ணை சொன்னதோடு ஒன்று. டீச்சர், உங்களுக்கு ஊற்றிய ஒயிலும் தவறு. பரந்தன்சந்திக்கு நான் எது நல்லது என்றேனோ அதுவே உங்களுக்குக் கெட்டது. காரச் சத்துக் கூடிய ஒயில் எரிந்தால் சாம்பல் கூட விழும். வடியில் சேரும் கரி எரிந்து போகும், சாம்பல் எரியாது. அது அங்கேயே தங்கி வடியை அடைத்துவிடும், பிறகு வடியின் விலையைக் கேட்டால் ஒரு ஏக்கர் காணியைப் பார்க்க வேண்டும். உங்கள் ஜீப்புக்குச் சாம்பல் குறைந்த ஒயில் தேவை. ஜாசோ டிஎல்-1 என்றால் சாம்பல் 0.6 வீதத்துக்கு மேல் போகாது. ஐரோப்பியத் தரத்தில் சி3 என்றால் 0.8. இரண்டில் எது என்பதைக் கையேடு சொல்லும். ஜப்பான் எழுத்தில் இருந்தாலும் டிஎல்-1 என்ற எழுத்து மட்டும் நமக்கு விளங்கும்.

டீசலும் சுப்பர் டீசலே அடியுங்கள். எல்லாச் செட்டிலும் இருக்காது, கண்ட இடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். ஒயில் மாற்றிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மாங்குளத்துக்கு வந்து ஏ9 ஏறி, ஓமந்தை வரை ஒரே வேகத்தில் போய்த் திரும்புங்கள். வடி தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்கொள்ளும்.

மல்லாவிடீச்சர் | மல்லாவி

மணந்தேன். டீசல்தான். இன்று அதிபரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போனேன், பிள்ளைகள் எல்லாம் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கராஜ்காரரிடம் டிஎல்-1 என்று கேட்டேன். "அது என்ன மருந்து டீச்சர்?" என்றார். மடுவீதி, உங்கள் கடையில் இருக்கிறதா?

மடுவீதி | வவுனியா

கொழும்பில் இருந்து எடுக்க வேண்டும், இரண்டு நாள். தனிமடலில் எழுதுங்கள்.

முறிகண்டிக்கச்சான் | கிளிநொச்சி

போலி ஒயில் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. என் அனுபவம்: போன வருடம் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) 4 லீற்றர் கான் வாங்கினேன். மூடி, சீல் எல்லாம் பார்வைக்கு நேர்த்தி. ஊற்றி ஒரு கிழமையில் சூடானதும் ஒயில் விளக்கு மினுங்கத் தொடங்கியது. வடித்துப் பார்த்தால் தண்ணீர் மாதிரி. மூடியில் ஒரு இலக்கம், கானில் வேறொரு இலக்கம். அப்போதுதான் எனக்கு விளங்கியது, ஒருவர் வீடுவீடாக வந்து வெறுங்கானுக்கு நல்ல விலை தருவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தது ஏன் என்று. இப்போது கான் முடிந்தவுடன் கத்தியால் நாலு குத்துக் குத்தித்தான் எறிகிறேன். பீப்பாவில் இருந்து போத்தலில் அளந்து விற்கும் ஒயிலை வாங்குவதே இல்லை. லாண்ட்மாஸ்டர் அண்ணை கோபிக்கக் கூடாது.

லாண்ட்மாஸ்டர் | ஒட்டுசுட்டான்

என் பீப்பா நானே சீல் உடைத்தது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வரிசையில் நின்ற காலத்தில், டீசலுக்குள் மண்ணெண்ணெய் கலந்து ஓடிய ஆட்களை எனக்குத் தெரியும். அவர்கள்தான் இப்போது பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் அலைகிறார்கள். நான் கலக்கவில்லை, மாட்டைப் பூட்டினேன்.

ஸ்காபரோப்பொடியன் | கனடா

கந்தகக் கணக்கை நான் யோசிக்கவே இல்லை. இங்கே டீசலில் அது இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு, அதனால்தான் 15,000 தாங்குகிறது போல. மார்கழியில் ஊருக்கு வருகிறேன், வாடகைக்கு எடுக்கும் வானின் எயார் பில்டரைத் திறந்து பார்ப்பேன். சிரித்ததற்கு மன்னிக்கவும்.

பரந்தன்சந்தி | கிளிநொச்சி

மூன்று கிழமைக்குப் பிறகு வருகிறேன். துணி செங்கல் நிறத்தில் வந்தது! பெட்டியின் ஒரு கிளிப் உடைந்து, சைக்கிள் ரியூப் வெட்டிக் கட்டியிருந்தார்கள், அதுவும் தளர்ந்திருந்தது. ரப்பர்க் குழாயிலும் மடிப்புக்குள் ஒரு வெடிப்பு. பில்டர், குழாய், கிளிப் மூன்றும் மாற்றினேன். பிறகு 15டபிள்யூ-40 சிஐ-4 மினரல், புது ஒயில் பில்டர். இதுவரை 1,800 கிலோமீற்றர் ஓடியாயிற்று. ஆயிரத்துக்கு 300 மில்லிலீற்றர் அளவில் குறைகிறது. கறுப்புப் புகை ஏறத்தாழ இல்லை. காலை நீலம் அப்படியே இருக்கிறது, வால்வ் சீலை அறுவடை முடிந்து காசு கையில் வந்ததும் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறேன். சேர்விஸில் டீசல் ஊற்றி உள்ளே கழுவித் தரவா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். சரிதானே?

கறுப்புஒயில் | மாங்குளம்

மிகச் சரி. இந்த வயது எஞ்சினைக் கழுவினால் மூலைகளில் ஒட்டிக் கிடக்கும் கசடு எல்லாம் ஒன்றாகக் கழன்று, ஒயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். இந்த ஒயிலே மெதுவாகச் சுத்தம் பண்ணட்டும். முதல் தடவை 3,000இல் மாற்றும், அடுத்ததில் இருந்து 5,000. அதற்கு மேல் நீட்ட வேண்டாம், செட்டில் அடிக்கிற டீசல் அப்படி. 300 என்பது இந்த எஞ்சினுக்குப் பரவாயில்லை. புழுதி தின்ற றிங் திரும்பி வளராது.

லாண்ட்மாஸ்டர் | ஒட்டுசுட்டான்

தம்பி, வடித்த பழைய ஒயிலை என்ன செய்தீர்? மாட்டுக் கொட்டில் தூணுக்குப் பூச எனக்கு நாலு லீற்றர் வேண்டும். கறையான் ஏறிவிட்டது.

பரந்தன்சந்தி | கிளிநொச்சி

கானில் அப்படியே இருக்கிறது அண்ணை, வந்து எடுங்கோ.

மடுவீதி | வவுனியா

கையுறை போட்டுப் பூசுங்கள், கிணற்றடிப் பக்கம் சிந்த விடாதீர்கள். ஒரு சொட்டு ஊறினாலும் தண்ணீர் வாயில் வைக்க முடியாது.

லாண்ட்மாஸ்டர் | ஒட்டுசுட்டான்

கொட்டில் கிணற்றுக்கு நல்ல தூரம். சனிக்கிழமை வருகிறேன், ஒரு பலாப்பழமும் கொண்டுவருகிறேன். அது சிஐ-4ஆ சிடியா என்று கறையான் கேட்டால் உங்களிடம் அனுப்பிவிடுகிறேன்.